மூன்று முறை பம்பைக் கழற்றினார்கள், கோளாறு தொட்டிக்குள் இருந்தது

புதுத் தொட்டி, புதுப் பம்ப், எல்லாம் ஒரே கான்ட்ராக்டர். ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அன்று தொட்டி விளிம்புவரை தண்ணீர். ஏமாந்தது அங்கேதான்.

இரண்டாவது வாரத்திலிருந்து, மட்டம் இறங்கினால் பம்புக்குள் சரளைக்கல் உருளும் சத்தம். பம்ப் தண்ணீரை வெளியே தள்ளும் பக்கத்து அழுத்தமானியில் (டிஸ்சார்ஜ் கேஜ்) முள் நடுங்கும். வந்தவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "கேவிட்டேஷன் சார், இம்பெல்லர் போயிருச்சு" என்றார். கேவிட்டேஷன் என்றால், தண்ணீரில் ஆவிக்குமிழிகள் உருவாகி உடைந்து, பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரை அரிப்பது. மாற்றினோம். பிறகு மெக்கானிக்கல் சீல். அப்புறம் பேரிங். கழற்றிய இம்பெல்லரில் ஒரு அரிப்புக்குழிகூட இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். கடைசியில் "பெரிய பம்பா போட்டுடலாம்" என்று கொட்டேஷன். அதே குழாயில் இன்னும் வேகமாக உறிஞ்சினால் என்ன ஆகும்?

ஒருநாள் மேன்ஹோலைத் திறந்து டார்ச் அடித்தேன். சக்‌ஷன் குழாய்க்கு (பம்ப் தண்ணீரை உறிஞ்சும் குழாய்) மேலே தண்ணீர் கன்னக்குழி மாதிரி அமுங்கிச் சுழன்றது. மட்டம் இறங்க இறங்க அதற்கு வால் முளைத்தது. கயிறு கனத்தில் காற்று நேரே குழாய்க்குள் போனது. காகிதத் துணுக்கைப் போட்டேன். நாலு சுற்று, காணோம். கன அளவில் 3 சதவீதம் காற்று கலந்தாலே, இம்பெல்லர் சுழன்று தள்ளும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் தடுமாற ஆரம்பிக்கும்.

எங்கள் குழாய் 150 மி.மீ., வேகம் நொடிக்கு 2 மீட்டர். பம்புகளுக்குத் தரம் வகுக்கும் ஹைட்ராலிக் இன்ஸ்டிடியூட்டின் 9.8 தரம் சொல்லும் கணக்கைப் போட்டால் குழாய்க்கு மேல் சுமார் 72 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். இவர்கள் கட்-ஆஃப், அதாவது பம்ப் நிற்கும் மட்டம், வைத்திருந்தது 25 செ.மீ.-இல்! போதாததற்கு, தொட்டிக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் தண்ணீர் மேலிருந்து கொட்டி, சக்‌ஷன் பக்கத்திலேயே நுரைத்துக்கொண்டிருந்தது.

சுழி தடுக்கும் தகடு எங்கே என்று கான்ட்ராக்டரைக் கேட்டதற்கு, "டிராயிங்ல இல்ல சார்." டிராயிங் போட்டதே அவர்தான்.

வேறொருவரை வைத்துக் குழாய் வாயை 250 மி.மீ. மணிவாயாக (மணி போல விரிந்த வாய்) அகலப்படுத்தினோம், வாயில் வேகம் குறைவதால் அதற்கு 51 செ.மீ. போதும். உள்ளே குறுக்குத் தகடு, கட்-ஆஃப் 60 செ.மீ. ரிட்டர்ன் குழாயைத் தொட்டியின் மறுகோடிக்கு மாற்றி, நுனியைத் தண்ணீருக்குள் இறக்கினோம். பயன்படும் கொள்ளளவு குறைந்தது, அது வலிக்கிறதுதான். பம்ப் அதே பம்ப், சத்தமில்லை.

நீங்கள் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், மேன்ஹோலைத் திறந்துவைத்து, கட்-ஆஃப் மட்டம்வரை இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். நிறைந்த தொட்டியில் எந்தப் பம்பும் நன்றாகத்தான் ஓடும்.

பெரிய பம்ப் கொட்டேஷனுக்கு நேற்றும் ஒரு நினைவூட்டல் வந்தது.