நெட் படுத்தால் முதலில் எதைத் திறக்கிறேன்: மூன்று வருட அனுபவம்

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டிலிருந்துதான் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். ரௌட்டர் முகப்பில், நான் உட்காருவது இரண்டாங்கட்டில், நடுவில் வளவும் (உள்முற்றம்) சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவர்களும். முதல் ஆறு மாதம் ஸ்பீடு டெஸ்ட்டை மட்டும் நம்பி ஏமாந்தேன். வேகம் குறைவு என்று சொல்லுமே தவிர, எங்கே அடைக்கிறது என்று அது சொல்லாது.

இப்போது நெட் தடுமாறினால் இரண்டு கமாண்ட் விண்டோ திறப்பேன், ஒன்றில் ரௌட்டருக்குப் பிங் (சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது), இன்னொன்றில் வெளியே இருக்கிற கூகுளின் 8.8.8.8 சர்வருக்கு. ரௌட்டரே திணறினால் கோளாறு வீட்டுக்குள், இரண்டாவது மட்டும் விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் வெளியே. விண்டோஸிலேயே இருக்கிற சமாச்சாரம், தரவிறக்கக்கூட வேண்டாம்.

வீட்டுக்குள் பார்க்க நிர்சாஃப்ட்டின் வைஃபைஇன்ஃபோவியூ, வைஃபை சிக்னலின் பலத்தை டிபிஎம் எண்ணாகக் காட்டும் கருவி; எண் பூஜ்யத்திலிருந்து கீழே போகப் போக சிக்னல் மோசம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தால் முகப்பில் -45, வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக் கதவைச் சாத்தினால் -82. அந்த எண்ணோடு வீடியோ கால் பேசுவது வீண்வேலை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 என்று சேனலை மாற்றிப் பார்த்தேன், சுவருக்கு அது மருந்தில்லை. சரி என்று கேபிள் இழுத்தால் அதிலும் ஒரு கூத்து, லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றது. கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். தேடினால் உத்தரத்துக்கு மேலே எலி கடித்து வைத்திருக்கிறது!

நான் அதிகம் கும்பிடுவது வின்எம்டிஆரை. பார்க்க அந்தக் காலத்து விண்டோஸ் மாதிரி இருக்கும், ஆனால் நம் வீட்டிலிருந்து சர்வர் வரை போகும் பாதையில் ஒவ்வொரு ரௌட்டருக்கும் ஒரு வரி போட்டு, அனுப்பிய பிங்கில் எத்தனை சதவீதம் தொலைகிறது என்று ஓடிக்கொண்டே காட்டும். ஆரம்பத்தில் நடுவில் ஒரு வரியில் 60 சதவீதம் பார்த்துவிட்டு கஸ்டமர் கேரில் கத்தியிருக்கிறேன், அது என் தப்பு. சில ரௌட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். கடைசி வரி வரை இழப்பு தொடர்ந்தால்தான் கவலை.

போன ஆடிக் காற்றில் அப்படித்தான் ஆனது, இரண்டாவது வரியிலிருந்து கடைசி வரை 20 சதவீதம். நெட் கம்பெனியிலிருந்து பழுது பார்க்க வந்த தம்பி, "உங்க லேப்டாப்தான்ணே பிரச்சனை" என்று ஆரம்பித்தார். முகப்புத் திண்ணையில் உட்கார வைத்து, ரௌட்டர் பிங்கில் ஒன்றுகூடத் தொலையவில்லை என்று காட்டினேன். அப்புறம்தான் போஸ்ட்டில் ஏறினார். வேப்பங்கிளை ஃபைபர் மேல் சாய்ந்து, காற்றடிக்கும்போதெல்லாம் அதை மடக்கிக்கொண்டிருந்தது.

நெட்டில் போய்வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கும் போட்டுப் பார்த்தேன். அருமையான கருவி, ஆனால் வீட்டு நெட்டுக்கு அது முருங்கைக்காய் நறுக்க அரிவாள் எடுப்பது மாதிரி, மூன்றாவது வாரமே லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டேன். வின்எம்டிஆரில் முடிவை எழுத்தாக நகலெடுக்க ஒரு பட்டன் உண்டு, இப்போதெல்லாம் புகாரோடு அதையும் ஒட்டி அனுப்பிவிடுகிறேன்.