கையால் செய்த டி விசில்: ஆண்டுக்கணக்கில் ஊதிய பிறகு தெரிகிறவை

அயர்லாந்து இசையில் வாசிக்கும் சிறு குழலான டின் விசிலை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, நாதம் எப்படி என்று. ஒரு வருடம் ஊதியவர் கேட்பதே வேறு: மூச்சு எவ்வளவு இழுக்கிறது, எத்தனை நிமிடத்தில் தண்ணீர் கட்டுகிறது? நாதத்தில் பாதிக்கு மேல் ஊதுகிறவருடையது. நல்ல கை பன்னிரண்டு யூரோ விசிலையும் பேச வைத்துவிடும். மூச்சுக் கணக்கு அப்படியல்ல. அது விசிலோடு பிறந்தது, பழகிப் பழகி மாறாது. கையால் செய்ததற்குப் பத்து மடங்கு பணம் கொடுக்கும்போது உண்மையில் வாங்குவது அந்தக் கணக்கைத்தான்.

இங்கே பேசுவது ஹை டி விசில் பற்றி மட்டும். ஆறு துளை, கிட்டத்தட்ட 30 செ.மீ. நீளம், எல்லாத் துளையையும் மூடினால் வரும் ஸ்வரம் டி, 587 ஹெர்ட்ஸ். அயர்லாந்து மெட்டுகளில் பெரும்பாலானவை டி, ஜி சுருதிகளிலும் அவற்றை ஒட்டிய மைனர்களிலும் இருப்பதால் இது ஒன்றே போதும். ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமுள்ள லோ டி தனிக் கதை. அதில் விரல் எட்டுமா என்பதே முதல் கேள்வி.

1843-இல் ராபர்ட் கிளார்க் தகரத்தைச் சுருட்டி, மரக்கட்டை செருகிச் செய்த விசிலிலிருந்து இன்றுவரை அமைப்பு ஒன்றுதான். காற்றுவழி என்ற ஒடுங்கிய சந்து, அதன் முடிவில் ஒரு ஜன்னல், ஜன்னலின் மறுபக்கம் காற்றைப் பிளக்கும் கூர்விளிம்பு. பெரும்பாலான ஆலை விசில்களில் இந்த மூன்றும் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கின்றன. வார்ப்பில் சிறு பிசிறு நின்றாலும் ஒலி கரகரக்கும். ஒரே பெட்டியில் ஒன்று தேனாகவும் அடுத்தது தகரமாகவும் இருப்பது இதனால்தான். கைவினைஞர் அந்த விளிம்பை அரத்தால் தேய்த்து, ஊதிப் பார்த்து, மறுபடி தேய்க்கிறார். அமெரிக்காவில் கோப்லேண்ட், சிண்ட், பர்க், மரத்தில் செய்யும் ஏபெல், ஜெர்மனியில் கோல்டி என்று பெயர் பெற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு. அதனாலேயே ஒருவர் கையில் பிறந்த இரண்டு விசில்களும் அச்சுப்பிசகாமல் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மூச்சுக்கு வருவோம். அழுத்தம் வேறு, அளவு வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். காற்றுவழி ஒடுங்கியிருந்தால் தள்ளுவதற்கு எதிர்ப்பு தெரியும், ஆனால் காற்று மெதுவாகச் செலவாகும். அகன்றிருந்தால் ஊதுவது சுலபமாகத் தோன்றும், நெஞ்சு சீக்கிரம் காலியாகும். கடையில் இரண்டு நிமிடம் ஊதும்போது சுலபமான விசில்தான் பிடிக்கும். ரீல் என்ற வேகமான நடன மெட்டு ஒன்றை மூன்று சுற்று வாசித்துப் பார்த்தால் கதை மாறும். இந்த மெட்டுகளில் ஓய்வு என்று தனியாக இடம் கிடையாது; ஏதாவது ஒரு ஸ்வரத்தை விழுங்கித்தான் மூச்சு எடுக்க வேண்டும். மூச்சு தின்னும் விசில் உங்களை அடிக்கடி விழுங்க வைக்கும்.

சோதிக்க ஒரு வழி. ரீலின் ஒரு பகுதி எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று. நிமிடத்துக்கு 110 தட்டு, பாருக்கு இரண்டு தட்டு என்று வைத்தால் ஒன்பது விநாடிக்குச் சற்றுக் குறைவு. ஒரே முழு மூச்சில் அந்த எட்டு பாரும் போக வேண்டும். வாசிக்கும்போது அப்படி வாசிக்கப் போவதில்லை, இருந்தாலும் அந்தக் கையிருப்பு வேண்டும். ஐந்தாவது பாரிலேயே திணறினால் அந்த விசில் உங்களுக்கானது அல்ல.

அடுத்தது இரண்டு எல்லைகள். எல்லாத் துளையையும் மூடிய கீழ் டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். எந்த இடத்தில் மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது என்று கவனியுங்கள். பிறகு மேல் ஸ்தாயியின் பி ஸ்வரத்தை எடுத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எங்கே உடைந்து கீழே விழுகிறது? கீழ் டி சீக்கிரம் தாவிவிட்டால் அதில் கிரான் என்ற விரல்தட்டு அலங்காரம் போட முடியாது, ஒவ்வொரு விரல் தட்டிலும் கீச்சிடும். மேல் பியைப் பலமாக ஊதினால்தான் பிடித்து நிறுத்த முடியும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஃபிடில்காரர் நாற்காலியை நகர்த்துவார். கீழ் டி உறுதியாக நின்று, மேல் பி அதட்டாமல் வருவதுதான் நல்ல கைவேலையின் அடையாளம். இரண்டும் ஒன்றையொன்று இழுப்பவை என்பதால் எந்த விசிலும் நடுவில் எங்கோதான் நிற்கும். கோல்டி மென்மை, நடுத்தரம், கடினம் என்று ஊதும் தன்மையைக் கேட்டே செய்து தருகிறார். புதியவர்கள் மென்மையைக் கேட்பார்கள். பழகிய கைக்கு நடுத்தரம் என்பது எங்கள் கட்சி.

இனி தண்ணீர். குளிர்ந்த உலோகத் தலைக்குள் சூடான மூச்சு போனால் நீராவி துளியாகப் படியும். சந்தின் உயரம் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு துளி போதும், முதலில் குரல் கட்டியதுபோல் கரகரக்கும், அப்புறம் ஸ்வரம் தானாக மேலே தாவும். ஒடுங்கிய காற்றுவழியின் விலை இதுதான். விசில் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ஊதுவதற்கு முன் ஐந்து நிமிடம் தலையை உள்ளங்கையிலோ சட்டைக்குள்ளோ வைத்துச் சூடாக்கினாலே பாதி தீர்ந்தது. வாசிக்கும்போது அடைத்தால், மெட்டின் இடைவெளியில் ஒரு உறிஞ்சு. அல்லது விரலால் ஜன்னலை மூடிக்கொண்டு ஒரு பலமான ஊது. ஜன்னலை மூடாமல் ஊதினால் அறையே திரும்பிப் பார்க்கும். அப்போதும் விரல் கூர்விளிம்பில் அழுந்தக்கூடாது.

மேலும் குறைக்க: கால் தம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. அதைக் காற்றுவழிக்குள் ஊற்றி வடியவிட்டு, அலசாமல் காயவிடுங்கள். துளி துளியாக நிற்காமல் தண்ணீர் பரவி ஓடிவிடும். சில நாளைக்குத் தாங்கும், மறுபடி செய்ய வேண்டியதுதான். மரத் தலைக்கு இது கூடாது. அழுக்கு எடுக்க ஊசி, பின், கம்பி எதுவும் உள்ளே போகக்கூடாது. பறவை இறகோ மெல்லிய காகிதத் துண்டோ போதும்.

தலையைக் குழலிலிருந்து சற்று இழுத்தோ தள்ளியோ சுருதி மாற்றும் இணைப்பான ஸ்லைடைப் பலர் சர்வரோக நிவாரணி என்று நினைக்கிறார்கள். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). குளிர்ந்த அறையில் எடுத்த விசில், கூட்டம் கூடிய பப்பில் பத்து டிகிரி சூடேறினால் 30 சென்ட் ஏறிவிடும். ஸ்லைடை வெளியே இழுக்கலாம். ஆனால் 5 மி.மீ. இழுத்தால் கீழ் டி சுமார் 30 சென்ட் இறங்கும்போது பி சுமார் 50 சென்ட் இறங்கிவிடும், ஏனென்றால் பிக்கு ஒலிக்கும் குழல் நீளம் குறைவு. டி சேரும், பி சேராது. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் வேலை முடிய வேண்டும். 20 டிகிரி அறையில், ஊதிச் சூடான பிறகு, ஸ்லைடு இரண்டு மி.மீ. வெளியே இருக்கும்போது ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதிக்குச் சேர்கிற விசிலாகப் பாருங்கள். முழுக்க உள்ளே தள்ளினால்தான் சேரும் என்றால், குளிர்கால மாலையில் உங்களுக்குப் போக்கிடம் இல்லை.

சுருதி காட்டும் ட்யூனர் கருவியை வைத்துப் பார்க்கும்போது முள்ளைப் பார்த்து ஊதாதீர்கள். மூச்சு தானாக அதைத் துரத்தும். கண்ணை மூடி மெட்டு வாசிக்கும் அழுத்தத்தில் பிடித்துவிட்டு, பிறகு பாருங்கள். எஃப் ஷார்ப் பத்துப் பதினைந்து சென்ட் தாழ்ந்திருந்தால் உடனே குறை சொல்ல வேண்டாம். இல்லன் பைப்ஸ் என்ற அயர்லாந்துப் பைக்குழலில் இடைவிடாமல் ஒலிக்கும் டி சுருதியோடு (டிரோன்) தேய்க்காமல் நிற்கிற எஃப் ஷார்ப் பியானோவினுடையதைவிட 14 சென்ட் கீழே. சில கைவினைஞர்கள் தெரிந்தே அப்படி வைக்கிறார்கள். அக்கார்டியனோடு வாசிக்கிறவர்களுக்கு அது இடிக்கும். யாரோடு வாசிக்கப் போகிறீர்கள் என்பதைச் செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சி நேச்சுரலுக்கு முதல் துளையைத் திறந்து இரண்டையும் மூன்றையும் மூடி, கீழ் மூன்றையும் திறந்து ஊதிப் பாருங்கள். சுருதி கூடியிருந்தால் கீழ்க்கையின் விரல் ஒன்றிரண்டைச் சேர்த்து இறக்கலாம். ஆனால் வேகமான ரீலில் அந்தக் கூடுதல் விரலுக்கு நேரம் இருக்காது. ஜி சுருதி மெட்டுகளில் இந்த ஸ்வரம் நிமிடத்துக்குப் பலமுறை வரும். கைவினை விசிலில் விட்டுக்கொடுக்கவே கூடாத இடம் இது.

உலோகம், மரம் பற்றிச் செலவாகிற பேச்சு அளவுக்கு ஒலியில் வித்தியாசம் இல்லை. உட்குழல், காற்றுவழி, விளிம்பு இவைதான் ஒலியைத் தீர்மானிப்பவை. பராமரிப்பில்தான் பொருள் பேசும். பித்தளை கறுக்கும், விரலில் வாடை ஒட்டும். நிக்கல் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது, நிக்கல் உண்டு. அரிப்பு வருகிறவர்கள் தவிர்க்கவும். அலுமினியம் இலகு. ஆப்பிரிக்கக் கருமரம் அழகு, ஆனால் முதல் சில வாரம் தினம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஊதக்கூடாது, உட்குழலுக்கு அவ்வப்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும், வெயிலில் காரில் விட்டால் வெடிக்கும். டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கட்டைக்கு ஈரமும் ஒன்றுதான் வறட்சியும் ஒன்றுதான்.

ஸ்லைடில் உலோகம் உலோகத்தோடு உரசினால் துணியில் தொட்ட அளவு கிரீஸ் போதும். ரப்பர் வளையம் இருந்தால் வாசலின் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்; சிலிகான் கிரீஸ் போடுங்கள். கழற்றும்போது திருகி இழுக்க வேண்டும், ஆட்டி இழுத்தால் குழல் வாய் முட்டை வடிவமாகிவிடும்.

செய்பவரிடம் காத்திருப்பு மாதக்கணக்கில் போகலாம். பழையதை வாங்கினால் நேரம் மிச்சம், நல்ல பெயருள்ளவை விலையும் அதிகம் இறங்குவதில்லை. வாங்கும்போது தலையை மட்டும் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஊதும் முனையிலிருந்து காற்றுவழிக்குள் பாருங்கள். கூர்விளிம்பு சந்தின் வெளிச்சத்தில் ஒரே நேர்கோடாகத் தெரிய வேண்டும். கோட்டில் சிறு நெளிவோ பல்போன வெட்டோ தெரிந்தால், எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.