ஆணிமணிச்சட்டம்: வாங்குமுன் பத்தாவது மணியைப் போட்டுப் பாருங்கள்

ஒன்று, பத்து, நூறு என்று இடத்துக்கு ஓர் ஆணி நிற்க, அதில் மணிகளைப் போட்டு எண்ணைக் காட்டும் பலகைதான் ஆணிமணிச்சட்டம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு இதை வாங்கப் போனால் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஓர் ஆணியில் மணிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். 9 மணியோடு ஆணி நிறைந்துவிட வேண்டும். பத்தாவதும் இறங்கினால் அந்தச் சட்டம் வேண்டாம்.

காரணம் இருக்கிறது. 27 + 15 கணக்கில், ஒன்றுகள் ஆணியில் இருக்கும் 7 மணியோடு இன்னும் 2 சேர்ந்ததும் இடம் தீர்ந்துவிடும். அடுத்த மணி பிள்ளையின் கையிலேயே நிற்கும். இப்போது ஆணியில் உள்ள 9, கையில் உள்ள 1, ஆகப் பத்தையும் ஒதுக்கிவிட்டுப் பத்துகள் ஆணியில் ஒரு மணி போட்டாக வேண்டும். மீதி 2 ஒன்றுகளில் இறங்கும், விடை 42. ‘மேலே 1 போடு’ என்று மனப்பாடமாகச் சொல்லித்தருவதன் பொருள் இங்கே கைக்குப் புரிகிறது. ஆணி நீளமாக இருந்தால் 12 மணியும் அதிலேயே உட்கார்ந்துகொள்ளும்; பிள்ளை 312 என்று எழுதிவிடும்.

நிறத்திலும் ஒரு சிக்கல். ஒன்றுக்குச் சிவப்பு, பத்துக்கு நீலம் என்று தனித்தனி நிறத்தில் வரும் சட்டங்கள் பார்க்க அழகு. ஆனால் பிள்ளை இடத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே நிற மணிகள் நல்லது. கிடைக்காவிட்டால் எல்லா நிறத்தையும் கலந்துவிடுங்கள்.

பயன்படுத்தும்போது அடிக்கடி நேரும் பிழை ஆசிரியருடையது. மேசையில் சட்டத்தை வைத்து எதிரே நின்று காட்டினால், பிள்ளைகளின் கண்ணுக்கு ஒன்றும் பத்தும் இடம் மாறித் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.

இந்தச் சட்டத்தின் உண்மையான பலம் பூஜ்ஜியத்தில்தான். ‘முந்நூற்று ஐந்து’ என்று காதில் விழுவதை 3005 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. 300 எழுதி, பக்கத்தில் 5 எழுதுகிறார்கள். கேட்டதைத்தான் எழுதுகிறார்கள், பாவம்! மூன்று ஆணியில் 3 மணி, வெற்று ஆணி, 5 மணி என்று போட்டபின், வெறுமையாக நிற்கும் ஆணிக்குக் கீழே எதை எழுதுவது என்று கேட்டால் 0 தானாக வரும்.

இதையே முதல் கருவியாக வாங்கிவிடாதீர்கள். பத்துகள் ஆணியில் கிடப்பதும் ஒற்றை மணிதான். அது ஏன் பத்து என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? முதலில் 100 ஐஸ் குச்சியும் 10 ரப்பர் பேண்டும் போதும். பத்துப் பத்தாகப் பிள்ளையே கட்ட வேண்டும். 32 − 15 வரும்போது ஒரு கட்டை அவிழ்த்தால்தான் கடன் வாங்குவது விளங்கும். மணியை அவிழ்க்க முடியாது. 34 என்றதும் ஒன்றிலிருந்து எண்ணாமல் மூன்று கட்டு, நான்கு குச்சி எடுக்கும் பிள்ளைக்குச் சட்டத்தைக் கொடுக்கலாம்.

இரண்டு பேருக்கு ஒன்று, மூன்று ஆணி இருந்தால் போதும். ஆணி நுனி மழுங்கலாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மணிகள் தொலையும், 27 மணி தேவைப்படும் இடத்தில் 35 கேட்டு வாங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் அங்கன்வாடிக்கு இது வேண்டாம், மணி வாய்க்குள் போய்விடும்.