மைல்ஸா, புரூபெக்கா?

ஜாஸ் கேட்டே பழகாதவருக்கு முதலில் எதைக் கொடுப்பது? மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ', டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' ஆல்பங்கள் இரண்டுமே 1959-இல் நியூயார்க்கில், ஒரே கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவானவை.

புரூபெக்கின் 'டைம் அவுட்' சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள 'டேக் ஃபைவ்' ஐந்தெண்ணிக்கைத் தாளம். கண்ட சாப்பு பழகிய கை தானாகத் தட்டும். பியானோ ஒரே சுற்றை விடாமல் வாசிக்க, பால் டெஸ்மண்டின் சாக்ஸபோன் அதன்மேல் மிதக்கும். அதையும் 'புளூ ரோண்டோ'வையும் தாண்டினால் மற்றவை என் காதுக்குச் சுமார்தான்.

மைல்ஸுக்கு அவசரமே கிடையாது. 'கைண்ட் ஆஃப் புளூ'வின் 'ஸோ வாட்'டில் பேஸ் என்னும் தாழ்ந்த குரல் தந்தி வாத்தியம் கேள்வி கேட்கும், மற்ற வாத்தியங்கள் இரண்டே கார்டில் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களில்) பதில் சொல்லும். அப்புறம் மைல்ஸின் டிரம்பெட் தனியாகக் கிளம்பும் இடத்தில் டிரம்ஸின் சிம்பல் தட்டில் ஓர் அடி விழும், கவனியுங்கள். ஒன்றுதான் என்றால் மைல்ஸ். காரில் போகும்போது கேட்கவா? சரி, புரூபெக்.