தயிர்ச் சட்டிக்கு பி.எச். தாளா, மலிவு மீற்றரா?

மட்டக்களப்பில் எருமைத் தயிர் போடும் வீடுகளில் நாக்குதான் அளவுகோல். அது நல்ல அளவுகோல்தான். ஆனால் வெயில் காலத்தில் உறை வேகமாகப் பிடித்துப் புளிப்பு மிஞ்சும்போது, எப்போது நிறுத்துவது என்று சொல்ல ஒரு எண் தேவைப்படுகிறது. அந்த எண்தான் பி.எச்.; புளிப்பு கூடக் கூட அது குறையும். பாலின் பி.எச். 6.6 அளவில் இருக்கும். அது 4.6ஐ நெருங்கும்போது பாலில் உள்ள கேசின் என்ற புரதம் ஒன்றுசேர்ந்து தயிர் இறுகிவிடும்.

தாள் எளிது. சட்டி ஓரத்தில் தெளியும் தண்ணீரில் தொட்டு, அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டால் சரி. ஆனால் இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் 4.5 எது, 5 எது என்று பிரிப்பது பெரும்பாடு.

மீற்றர் தசமத்தில் காட்டும், ஆனால் பராமரிப்புக் கேட்கும். என்னுடைய முதல் மீற்றரை வெறும் தண்ணீரில் ஊறவைத்தேன். நுனிக் கண்ணாடிக் குமிழைத் துணியால் அழுத்தியும் துடைத்தேன். சில வாரங்களில் எண் நிலையாக நிற்கவில்லை. குமிழைப் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில்தான் வைக்க வேண்டும். பால் கொழுப்பும் புரதமும் படியாமல் உடனே கழுவ வேண்டும். பி.எச். 4.01, 6.86 என்று தெரிந்த கரைசல்களில் அடிக்கடி சரிபார்க்கவும் வேண்டும். அப்புறம், சட்டிக்குள் அதை விடவே கூடாது, கண்ணாடி உடையலாம். ஒரு கரண்டி தயிரைக் கோப்பையில் எடுத்து, ஆறவைத்து அளவுங்கள்.

வாரத்துக்கு ஒரு சட்டி போடுபவருக்குத் தாளே போதும். தினமும் பத்துச் சட்டி போட்டு விற்பவர் மீற்றரே வாங்கட்டும். சரிபார்க்கும் கரைசல்களைக் கரைக்கும் தூளையும் சேர்த்தே வாங்கட்டும்.