நுரையீரல் புற்று: சிடி ஸ்கேனா, பாக்டீரியா சோதனையா?

வியாசர்பாடி மாமாவின் ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வலது நுரையீரலின் மேல்பக்கம் மிளகளவு வெள்ளைப் புள்ளி. முப்பது வருஷம் பீடி பிடித்தவர், இளம் வயதில் டிபியும் வந்து போனது. அது பழைய தழும்பா, புற்றா?

குறைந்த கதிர்வீச்சு சிடியின் பலம் நிரூபணமானது. அதிகம் புகைபிடித்த சுமார் 53,000 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று மரணம் 20 சதவீதம் குறைவு. ஆனால் புள்ளி இருப்பதைக் காட்டுமே தவிர, அது என்னவென்று உறுதியாகச் சொல்லாது. டிபி தழும்புகள் சாதாரணமான நம் ஊரில் இந்தக் குழப்பம் அதிகம்.

பாக்டீரியா சோதனை வேறு வழி: மூச்சுக்குழாயிலிருந்து மாதிரி எடுத்து, அதில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன என்று பார்ப்பது. நுரையீரலில் கிருமியே கிடையாது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். அப்படியில்லை. வாயில் வாழும் வெயில்லோனெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் புற்றுநோயாளிகளின் கீழ் மூச்சுக்குழாயில் கூடுதலாகத் தென்படுகின்றன. புற்றுள்ள எலிகளுக்கு வெயில்லோனெல்லாவைச் செலுத்தியபோது கட்டி பெரிதானது. ஆனாலும் புகை, ஆன்டிபயாடிக், மாதிரியில் கலக்கும் எச்சில் எல்லாமே முடிவைப் புரட்டிப்போடும். இதை மட்டும் நம்பி நோயை உறுதிசெய்ய முடியாது.

சிகிச்சையில்தான் கிருமிகளின் பங்கை இன்றே கவனிக்க வேண்டும் என்பேன். உடலின் நோய் எதிர்ப்பு சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி தொடங்கும் சமயத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. குடலின் நல்ல கிருமிகள் அழிவது காரணமாக இருக்கலாம். அதற்காக, டாக்டர் அவசியமென்று தரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

இப்போதைக்கு என் ஓட்டு சிடிக்கும், அப்புறம் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்கும். மாமாவுக்குத் தேதி வாங்கிவிட்டோம். இருமலுக்கென்று அவராக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரை அட்டையையும் டாக்டரிடம் காட்ட ஃபைலில் வைத்திருக்கிறேன்.