3டி மொடலை 2டி படமாக்கித் தருகிறோம் என்பவரிடம் காசு கொடுக்க முதல்

யாழ் நகருக்குள் வீட்டுப் படம் கீறிக் கொடுக்கும் ஓர் இடத்தில் 18,000 ரூபாய் கொடுத்துப் படம் எடுத்தோம். அதைப் பார்த்து வெட்டிய இரும்பு கூரைக்கு எட்டவில்லை. இடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. செய்த வேலையை விவரமாகச் சொல்கிறேன், இதே வேலையை வேறு ஆட்கள் செய்தாலும் பிடிக்கலாம்.

கோண்டாவிலில் எங்கள் வீட்டு முன் விறாந்தையை அகட்டி, முன்னும் இரண்டு பக்கமும் சரிந்து விழுகிற மாதிரி கூரை போட நினைத்தோம். ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகன் ஸ்கெட்ச்அப் என்ற 3டி மென்பொருளில் மொடல் செய்து அனுப்பினான். திருப்பித் திருப்பிப் பார்க்க நல்ல வடிவு. ஆனால் வெல்டிங் அண்ணைக்கு அது போதாது. மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து என்று அளவு போட்ட தட்டைப் படங்கள் கடதாசியில் வேண்டும். பெறாமகனுக்குச் சோதனைக் காலம். அதனால்தான் இங்கே கொடுத்தோம். மறுநாளே பிடிஎவ் வந்தது. தலைப்புக் கட்டம், வடக்கு அம்புக்குறி, கலர் லேயர் எல்லாம் போட்டு, பார்வைக்குக் குறை சொல்ல ஏலாத படம்.

வெல்டிங் அண்ணைதான் முதலில் கையை வைத்தார். மூலையிலிருந்து முகட்டுக்கு ஏறும் இரும்புக் கைமரத்துக்கு, மேலிருந்து பார்த்த மேற்படத்தில் 14 அடி 1¾ அங்குலம், முன்படத்தில் 11 அடி 2 அங்குலம். ஒரே பொக்ஸ் பாருக்கு இரண்டு அளவு. உடனே அந்த இடத்துக்குப் போன் எடுத்தோம். "அக்கா, பெரிய அளவை எடுங்கோ. கொம்பியூட்டர் தந்த அளவு, அது பிழைக்காது" என்றார் அந்தத் தம்பி. அண்ணை பெரிய அளவை எடுத்து, தன் பாதுகாப்புக்கு இன்னும் 3 அங்குலம் கூட விட்டு, 20 அடிப் பார் இரண்டை வெட்டினார். தூக்கிப் பிடித்துப் பார்த்தால் முகட்டுக்கு ஏழு அங்குலம் போதவில்லை.

கணக்கு இதுதான். விறாந்தை 20 அடி அகலம், மூன்று பக்கமும் ஒரே சரிவு, ஆகவே மூலையிலிருந்து முகட்டு நுனி உள்ளே 10 அடி, பக்கவாட்டாக 10 அடி. உயரம் 5 அடி. மூன்றையும் வர்க்கித்துக் கூட்டினால் 225, அதன் வர்க்கமூலம் 15. கைமரத்தின் உண்மை நீளம் சரியாக 15 அடி. தட்டைப் படம் என்பது சுவரில் விழுகிற நிழல் மாதிரி: சுவருக்கு நேர் எதிரே இருந்து வெளிச்சம் அடித்தால், சாய்ந்து நிற்கிற தடியின் நிழல் தடியை விடக் குட்டையாகத்தான் விழும். மேலிருந்து பார்க்கும்போது 5 அடி உயரம் காணாமல் போய் 14 அடிச் சொச்சம் வருகிறது. முன்னாலிருந்து பார்க்கும்போது உள்ளே போகிற 10 அடி காணாமல் போய் 11 அடிச் சொச்சம் வருகிறது. கொம்பியூட்டர் பொய் சொல்லவில்லை, நிழலை அளந்து சொல்லியிருக்கிறது. நிழலின் நீளத்தை இரும்பின் நீளம் என்று எழுதிக் காசு வாங்கியது ஆட்கள்.

உண்மை நீளம் எடுப்பது பெரிய வித்தையும் இல்லையாம். ஸ்கெட்ச்அப்பில் கூரைச் சரிவின் மேல் வலது கிளிக் செய்து 'அலைன் வியூ' கொடுத்தால் அந்தச் சரிவு நேர் எதிரே வந்து நிற்கும். மொடல் ஓட்டோகாட் என்ற படம் கீறும் மென்பொருளில் இருந்தால் யூசிஎஸ்ஸை, அதாவது அதன் அச்சுகளை, அந்தச் சரிவில் வைத்து, அதை நேராகப் பார்க்க 'பிளான்' கொடுத்து, பிறகு தெரிகிற பார்வையைத் தட்டைப் படமாக்கும் 'பிளாட்ஷொட்' அடிக்க வேண்டும். பிளாட்ஷொட் ஒரு நிமிட வேலை. நாம் காசு கொடுப்பது அதற்கு இல்லை, எந்தப் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும் என்று தெரிந்த தலைக்கு.

இதுவரை தெரியாத்தனம் என்று விட்டிருப்பேன். அடுத்தது அப்படி இல்லை.

பிழையைச் சொன்னபோது "உங்கட மொடல்தான் பிழை" என்றார்கள். பிறகு "வெல்டிங்காரர் பிழையாக வெட்டிப்போட்டார்" என்றார்கள். டீடபிள்யூஜீ பைலை, அதாவது ஓட்டோகாட்டில் திறந்து அளக்கக்கூடிய மூலப் படத்தைத் தாருங்கள் என்று கேட்டால், அதற்குத் தனியாக 5,000. கொடுத்து வாங்கிப் பெறாமகனுக்கு அனுப்பினேன். அவன் பக்கப் படத்தைத் திறந்த உடனே, "பெரியம்மா, முன் தூண்களுக்கு இடையால பின் தூண்கள் எட்டிப் பாக்குது, காணேல்லையா?" என்றான். இரண்டு வரிசைத் தூணும் ஒன்றுக்கு நேரே ஒன்று. பக்கத்திலிருந்து நேராகப் பார்த்தால் பின்வரிசை முழுக்க மறைந்துபோக வேண்டும். மொடலை, தூரத்தில் இருப்பதும் சிறுக்காமல் தெரியும் 'பரலல் புரொஜெக்ஷனுக்கு' மாற்றாமல் 'பெர்ஸ்பெக்டிவ்' பார்வையிலேயே ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். அந்தப் பார்வையில் தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரியும், ஆகவே ஸ்கேல் என்று ஒன்றே கிடையாது. முழு அளவில் டீடபிள்யூஜீ எடுக்க முதலில் பெர்ஸ்பெக்டிவை நிறுத்த வேண்டும். ஸ்கெட்ச்அப் பழகுபவர்கள் ஆரம்பத்திலேயே படிக்கிற விஷயம் இது.

அப்படியென்றால் அந்தப் பக்கப் படத்தில் எழுதியிருந்த அளவுகள் மட்டும் எப்படிச் சரியாக இருந்தன? தூணின் உயரம் 10 அடி என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தைத் தொட்டு 'புரொப்பர்ட்டீஸ்' திறந்தால், உள்ளே மென்பொருள் அளந்த இடத்தில் 7 அடியும் சொச்சமும். அதற்குக் கீழே 'டெக்ஸ்ட் ஓவர்றைட்' கட்டத்தில் கையால் தட்டிய 10 அடி. அந்தப் படத்தில் இருந்த ஒவ்வோர் அளவும் அப்படித்தான், மொடலைப் பார்த்து மேலே எழுதி ஒட்டியவை. பிடிஎவ்வில் இது தெரியவே தெரியாது. டீடபிள்யூஜீ தரப் பஞ்சிப்பட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

இதைக் காட்டியும் காசு திரும்பவில்லை. அடுத்த வேலைக்குக் கழிவு தருவார்களாம். அடுத்த வேலையாம்! வெட்டிய பார் இரண்டையும் வெல்டிங் அண்ணை குட்டைக் கைமரங்களுக்குப் பாவித்து நட்டத்தைக் குறைத்தார், புதிதாக இரண்டு வாங்க வேண்டி வந்தது. சோதனை முடிந்த பிறகு பெறாமகனே படங்களைத் திரும்பக் கீறி அனுப்பினான்.

இந்த வேலைக்குக் கொடுப்பவர்கள் முதலிலேயே டீடபிள்யூஜீயும் சேர்த்து என்று பேசுங்கள், மீதிக் காசை அதைத் திறந்து பார்த்த பிறகு கொடுங்கள். ஓட்டோகாட் கைவசம் இல்லாவிட்டால் பரவாயில்லை, அதைச் செய்யும் ஓட்டோடெஸ்க் கொம்பனியின் 'ட்ரூவியூ' இலவசம், அதில் அளந்து பார்க்கலாம். உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு நீளத்தை, கட்டி முடிந்த சுவர் ஒன்றின் அகலம் என்றாலும் சரி, படத்தில் அளவுங்கள். எழுதியதும் அளந்ததும் ஒத்துவராவிட்டால் அந்தப் படத்தை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

அப்புறம், அண்மையில் நகருக்குள் எங்கேயாவது மூலைக் கூரைக்குப் படம் எடுத்து இன்னும் இரும்பு வெட்டாமல் இருப்பவர்கள், மேற்படத்தில் இருக்கிற மூலைக் கைமர அளவை வைத்து வெட்ட விடாதீர்கள். உங்கள் கூரையின் அகலமும் உயரமும், மூலையிலிருந்து முகட்டு நுனி எவ்வளவு உள்ளே என்பதும் கீழே எழுதினால், உண்மை நீளத்தைக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.